பேய் வேடம் போட்டு மிட்டாய் கேட்கும் பிள்ளைகள்!

வாசல் மணி அடிக்கிறது. வீட்டுக்கார அம்மாள் கதவைத் திறக்கிறாள்.

எதிரே ஒரு எலும்புக்கூடு! அதன் பக்கத்தில் ஒரு சூனியக்காரி. அவர்களுக்குப் பின்னால், வெள்ளைத் துணி போர்த்திய ஒரு பேய்!

அந்த அம்மாள் அலறவில்லை. ஓடவும் இல்லை. சிரித்தபடி மிட்டாய்த் தட்டை நீட்டுகிறாள்.

எலும்புக்கூட்டுக்கு வயது 8. சூனியக்காரிக்கு 6. பேய்க்கு 4 வயதுதான். நடக்கும்போது துணி காலைத் தடுக்குகிறது. தெருவில், கையில் டார்ச் லைட்டுடன் அவர்களுடைய அப்பா நிற்கிறார்.

ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 31-ந் தேதி மாலை, அமெரிக்காவில் நடக்கும் காட்சி இது. பண்டிகையின் பெயர் ஹாலோவீன்.

நவம்பர் 1-ந் தேதி, கிறிஸ்தவர்களுக்குப் புனிதர்கள் அனைவரையும் நினைக்கும் திருநாள். அதற்கு முந்திய மாலை என்பதுதான் இந்தப் பெயரின் பொருள். நவம்பர் 2-ந் தேதி இறந்தவர்களின் நாள். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்களே, அந்தக் கல்லறைத் திருநாள் இதுதான்.

ஆனால் பேய்க்கதை இதைவிடப் பழையது. அயர்லாந்து தேசத்தில், அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும் நேரம் இது. அந்த இரவில் இறந்தவர்களின் ஆவிகள் நடமாடும் என்று பழங்கால மக்கள் நம்பினார்கள்.

கஞ்சன் ஜாக்

அயர்லாந்தில் ஒரு கதை உண்டு. ஜாக் என்று ஒரு கஞ்சன். அவன் சைத்தானையே ஏமாற்றியவன். செத்த பிறகு, சொர்க்கத்தில் அவனுக்கு இடம் இல்லை. நரகத்துக்குப் போனான். "உன் சங்காத்தமே வேண்டாம்" என்று சைத்தான் கதவைச் சாத்திவிட்டான்! இருட்டில் வழி பார்த்துப் போக, ஒரு நெருப்புக் கங்கை மட்டும் வீசினான். ஜாக் அதை ஒரு கிழங்கைக் குடைந்து உள்ளே வைத்துக்கொண்டு, இன்றும் அலைகிறானாம்.

இதனால் அயர்லாந்து மக்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் வெட்டி, விளக்கு வைத்தார்கள். 1845-ம் ஆண்டு அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. கொடிய பஞ்சம் வந்தது. பல லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். அமெரிக்காவில் இறங்கியவர்கள் கண்ணில் பட்டது பரங்கிக்காய். டர்னிப்பைவிடப் பெரியது. உள்ளே பாதி வெற்றிடம். குடைவது சுலபம். கிழங்கு போய், காய் வந்தது!

இந்தக் காய் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்ததுதான். கடல் கடந்து நம் சாம்பாருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அம்மா வெட்ட, பிள்ளை குடைய

அக்டோபர் மாதம் அங்கே இலையுதிர் காலம். மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக மாறி நிற்கும். வீட்டு முற்றத்தில் சருகைக் கூட்டிக் குவித்தால், பிள்ளைகள் அதன்மேல் குதிப்பார்கள். மறுபடி கூட்ட வேண்டும். அதுவும் ஒரு விளையாட்டு!

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு பரங்கித் தோட்டத்துக்குப் போகிறார்கள். வைக்கோல் பரப்பிய வண்டியில் ஏறிச் சுற்றலாம். சோளக்கொல்லைக்குள் வளைந்து வளைந்து வழி வெட்டியிருப்பார்கள். உள்ளே போனால் வெளியே வரும் வழி தெரியாது! பிள்ளைகள் முன்னே ஓட, தாத்தா பாட்டி பின்னே தடுமாறுவார்கள். கடைசியில், ஆளுக்கு ஒரு காய் பொறுக்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

விளக்குச் செய்யும் முறை எளிது. காம்பைச் சுற்றி மூடி போல வெட்ட வேண்டும். கத்தியை நேராகச் செருகக் கூடாது. சாய்த்துச் செருக வேண்டும். நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். விதையையும் நாரையும் கரண்டியால் சுரண்டி எடுக்கிறார்கள். இது பிள்ளைகளின் வேலை. முழங்கை வரை பிசுபிசுவென்று ஒட்டும். அவர்களுக்கு அதுதான் ஆனந்தம்! கண், மூக்கு, பல்வரிசையைப் பென்சிலால் வரைவதும் அவர்களே. கத்தி மட்டும் பெரியவர்கள் கையில். மிகச் சிறிய குழந்தைகளுக்குக் கத்தி வேலையே வேண்டாம். காயின்மேல் வர்ணத்தில் முகம் எழுதினால் போதும்.

உள்ளே முன்பு மெழுகுவர்த்தி வைத்தார்கள். தரையில் புரளும் வேட உடையில் தீப்பற்றும் என்ற பயத்தால், இப்போது பலர் பேட்டரி விளக்கு வைக்கிறார்கள். நல்ல மாற்றம். விதையை வீணாக்குவதில்லை. கழுவி, உலர்த்தி, எண்ணெயும் உப்பும் பிசறி வறுத்துக் கொறிக்கிறார்கள்.

மாடுகள் செய்த புண்ணியம்!

இன்று மிட்டாய்ப் பண்டிகையாக இருக்கும் இது, ஒரு காலத்தில் போக்கிரிப் பண்டிகையாக இருந்தது. மினசோட்டா மாநிலத்தில் அனோகா என்று ஒரு சிற்றூர். ஹாலோவீனுக்கு மறுநாள் விடிந்து பார்த்தால், கடைத்தெருவில் மாடுகள் உலவும். ஜன்னல் கண்ணாடி எல்லாம் சோப்பு பூசியிருக்கும். கொல்லைப்புறக் கக்கூஸ்கள் குப்புறக் கிடக்கும்! எல்லாம் ஊர்ப் பையன்களின் கைவரிசை.

ஊர்ப் பெரியவர்கள் யோசித்தார்கள். பிரம்பை எடுக்கவில்லை. 1920-ம் ஆண்டு பையன்களுக்காகவே ஓர் ஊர்வலம் நடத்தினார்கள். வேடம் போடச் சொன்னார்கள். தின்பண்டம் கொடுத்தார்கள். ஊர்வலத்தில் நடந்த களைப்பில் குறும்பு செய்ய யாருக்குத் தெம்பு இருக்கும்? அனோகா இன்றும் தன்னை 'உலகத்தின் ஹாலோவீன் தலைநகர்' என்று சொல்லிக்கொள்கிறது. 2023-ம் ஆண்டு அந்த ஊர்க்காரர் ஒருவர் விளைவித்த பரங்கிக்காயின் எடை 1,247 கிலோ!

1930-ம் ஆண்டுகளில் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் பழக்கம் பரவியது. "மிட்டாய் தருகிறீர்களா? குறும்பு செய்யட்டுமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. சர்க்கரைக்கு ரேஷன்! பண்டிகை களையிழந்தது. 1947-ல் ரேஷன் நீங்கியபின் மீண்டும் களை கட்டியது.

மிட்டாயில் விஷமா?

முன்பின் தெரியாத வீட்டுக் கதவைப் பிள்ளை தட்டுகிறது. அங்கே கொடுப்பதை வாங்கித் தின்கிறது. பெற்ற மனம் சும்மா இருக்குமா? "மிட்டாயில் விஷம் வைக்கிறார்கள்", "ஆப்பிளில் பிளேடு செருகுகிறார்கள்" என்று வதந்திகள் பல ஆண்டுகளாக உலவின.

1974-ம் ஆண்டு, டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகருக்கு அருகே, வதந்தி நிஜமானது. ஹாலோவீன் இரவில் மிட்டாய்த் தூளைத் தின்ற 8 வயதுச் சிறுவன் துடிதுடித்துச் செத்தான். தூளில் கலந்திருந்தது சயனைடு. நாடே நடுங்கியது.

எந்த வீட்டில் கொடுத்தது? போலீசார் தெருத் தெருவாக விசாரித்தார்கள். கடைசியில் குற்றவாளி அகப்பட்டான். அவன் அந்நியன் அல்ல. சிறுவனின் சொந்தத் தகப்பன்! கடனில் மூழ்கியிருந்த அவன், பிள்ளைகளின் பெயரில் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தான். பழி ஊரார்மேல் விழட்டும் என்று, தன் மகளுக்கும் வேறு 3 பிள்ளைகளுக்கும்கூட விஷப் பொட்டலம் கொடுத்திருந்தான். நல்லவேளையாக அவர்கள் தின்னவில்லை. 1984-ல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது.

ஆனாலும் ஊரார்மேல் வந்த பயம் போகவில்லை. மிட்டாய்ப் பையை எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க ஆஸ்பத்திரிகளே முன்வந்தன! ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர், 1958-ம் ஆண்டு முதல் வந்த பத்திரிகைச் செய்திகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1985-ல் முடிவை வெளியிட்டார். அந்நியர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தையாவது செத்ததாக அவருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பிளேடு, ஊசிக் கதைகளில் பல, பிள்ளைகளே செய்த விளையாட்டு.

நிஜமான ஆபத்து தெருவில்தான் இருக்கிறது. கார்! 1975 முதல் 2016 வரையிலான 42 ஆண்டு விபத்துக் கணக்கை ஆராய்ந்தார்கள். ஒரு வாரம் முன்னும் பின்னும் வரும் மாலைகளைவிட, ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர்கள் காரில் அடிபட்டுச் சாவது 43 சதவீதம் அதிகம். இருட்டு, கறுப்பு உடை, கண்ணை மறைக்கும் முகமூடி, மிட்டாய் அவசரம். வேறென்ன வேண்டும்?

ஆகவே விவரம் தெரிந்த தாய்மார்கள், முகமூடிக்குப் பதில் முகத்தில் வர்ணம் தீட்டுகிறார்கள். உடையைக் கணுக்காலுக்கு மேலே தைக்கிறார்கள். முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டுகிறார்கள். கூடவே நடக்கிறார்கள். பூட்டிய கதவுக்குள் பிள்ளையை வைத்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

விளக்கு எரிந்தால் வரலாம்

பழக்கத்தில் ஒரு நாகரிகமும் உண்டு. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம். அணைந்திருந்தால் தட்டக்கூடாது. நோயாளியோ, வயோதிகரோ இருக்கலாம் அல்லவா?

சில வாசலில் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் ஒரு பரங்கிக்காய் இருக்கும். வேர்க்கடலையும் பாலும் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு, இங்கே மிட்டாய்க்குப் பதில் பொம்மையோ பென்சிலோ கிடைக்கும் என்று அர்த்தம். 2012-ல் டென்னசி மாநிலத்தில் ஒரு தாய் தொடங்கியது இது. 2014-ல் நாடெங்கும் பரவியது.

பிலடெல்பியாவில் 1950-ம் ஆண்டு சில பிள்ளைகள், காலிப் பால் டப்பாவை நீட்டிக் காசு கேட்டார்கள். உலகத்தின் ஏழைக் குழந்தைகளுக்காக ஐ.நா. சபையின் யுனிசெப் நிதிக்கு! முதல் வசூல் 17 டாலர். பின்னர் நாடு முழுவதும் பிள்ளைகள் டப்பா ஏந்தினார்கள்.

இரவு வீடு திரும்பியதும், பையைத் தரையில் கொட்டுவார்கள். உறை பிரிந்ததை அம்மா பொறுக்கி எறிவாள். அண்ணனும் தங்கையும் பேரம் பேசுவார்கள்: ஒரு சாக்லேட்டுக்கு இரண்டு புளிப்பு மிட்டாய்! அப்பாவும் தன் பங்குக்கு ஒன்றை எடுத்துக்கொள்வார். கேட்டால், "சோதனை செய்கிறேன்" என்பார்.

மறுநாள், வாசலில் சிரித்த பரங்கிக்காயின் முகம் சுருங்கத் தொடங்கும். சில ஊர்களில் அவற்றைச் சேகரித்து உரமாக்குகிறார்கள். சில வீடுகளில் இருந்து அது பண்ணைப் பன்றிகளுக்குப் போகிறது.