நடையும் உடல் நலமும்

நெடுநாள் கழித்துக் காணும் ஒருவரை நம் ஊர்ப் பெரியோர், "என்னப்பா, நடை தளர்ந்திருக்கிறதே, உடம்புக்கு என்ன?" என்று வினவுவது வழக்கம். நாடி பிடித்துப் பாராமலே நடையைக் கண்டு நலம் அறியும் வழக்கம் இது. அன்றாடம் நாம் நடப்பதும், குனிவதும், எழுவதும் உடல் நலத்தைக் காட்டும் கண்ணாடியாகும். அந்நலத்தைக் காக்கும் வேலியும் அவையே.

இவ்வுண்மையை முதன்முதலில் கணக்கிட்டுக் காட்டியவர்களுள் ஜெர்ரி மாரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவ அறிஞர் தலையாயவர். லண்டன் நகரின் இரட்டை மாடிப் பேருந்துகளில் பணியாற்றிய ஓட்டுநரையும் நடத்துநரையும் அவர் ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஓட்டுநர் நாள் முழுவதும் ஏறக்குறைய உட்கார்ந்தே இருப்பவர். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு 500 படிகளுக்கு மேல் ஏறி இறங்குபவர். நடத்துநரிடையே இருதய நோய் குறைவாகவே காணப்பட்டது. வந்தபோதும் பிந்திய வயதிலேயே வந்தது. கடிதங்களை வீடுதோறும் கொண்டு சேர்க்கும் தபால்காரர்களும், அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரிவோரைவிட இவ்வகையில் நலமாகவே இருந்தனர். இம்முடிவுகள் 1953ஆம் ஆண்டில் வெளியாயின.

எனினும், பருமனானவர்களே ஓட்டுநர் வேலைக்குச் சென்றிருக்கலாம் அன்றோ என்ற ஐயமும் எழுந்தது. மாரிஸ் குழுவினரே 1956இல் சீருடைகளின் இடுப்பளவை ஆராய்ந்து, அவ்வையத்தில் ஓரளவு உண்மை உண்டெனக் கண்டனர். நலமுள்ளவர் மிகுதியாக நடமாடுகிறார்; நடமாடுபவர் நலமும் பெறுகிறார். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. பின்னர் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளும், உழைப்பின் பயன் உண்மையே என்று உறுதி செய்துள்ளன. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, 65 வயதுக்கு மேற்பட்ட 34,000 பேருக்கு மேலானவர்களின் நடைவேகத்தை அளந்து, விரைந்து நடப்போர் பொதுவாக நீண்ட நாள் வாழ்வதைக் காட்டியது.

இதன் காரணம் எளியது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, காலில் தங்கிய இரத்தத்தை இருதயத்தை நோக்கித் தள்ளுகின்றன. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கிறது. எலும்பு பாரம் தாங்கி வலுப்பெறுகிறது. நெடுநேரம் அசையாதிருந்தால் இவை யாவும் மந்தமாகின்றன. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என 2023இல் வெளியான கணக்கீடு கூறுகிறது. இது நகரத்தார் நோய் மட்டுமன்று.

உழைத்து வாழும் நமக்கு இவ்வுபதேசம் எதற்கு என்று நெசவாளத் தோழர்கள் கேட்கக்கூடும். குழித்தறியில் கால் மிதியை மாறி மாறி மிதிக்கிறது. கை நாடாவை ஓட்டுகிறது. ஆனால் இடுப்பும் முதுகும் ஒரே நிலையில் வளைந்தே கிடக்கின்றன. முன்பெல்லாம் விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து, அதன் நெடுகிலும் பலமுறை நடந்தோம். ஆலையிலிருந்து கஞ்சியிட்ட பாவே வரும் ஊர்களில் அந்நடை நின்றுவிட்டது. வயலிலும் மாறுதல் இல்லாமல் இல்லை. மடை பார்க்க வரப்பில் நடந்தவர் மோட்டார் சைக்கிளில் செல்கிறார். கைப்பேசியிலேயே மோட்டாரை இயக்கும் வசதியும் வந்துவிட்டது. இவை தந்த ஓய்வை நாம் குறை கூறவில்லை. இழந்த நடையை வேறு வழியில் ஈட்டிக்கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து.

வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்துள்ளது. நாளொன்றுக்கு 30 நிமிடம் சுறுசுறுப்பாக நடந்தால் 5 நாளில் 150 நிமிடம் நிறைவெய்தும். அதை ஒரே மூச்சில் நடக்க வேண்டுவதில்லை. சிறிது சிறிதாகச் சேர்த்தாலும் பயனுண்டு.

துண்டுக் கணக்கில் கூலி பெறுவோர்க்கு, எழுந்தால் கூலி குறையுமே என்னும் கவலை நியாயமானதே. மணிக்கு 2 நிமிடம் எழுந்து முதுகை நிமிர்த்தி நடந்தால், 8 மணி நேரத்தில் 16 நிமிடமே செலவாகும். முதுகுவலியால் ஒரு நாள் தறி நின்றாலோ 480 நிமிடம் போய்விடும். தார் சுற்றும் பெண்மக்களுக்கும் இக்கணக்குப் பொருந்தும்.

சங்கத்திற்கு நூல் வாங்க வருவோர் அருகில் இருப்பின் நடந்தே வரலாம். நடக்கையில் மார்பில் வலியோ, வழக்கத்திற்கு மாறான மூச்சுத் திணறலோ கண்டால் தாமதியாது மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். வீட்டிலுள்ள முதியோரின் நடை சில மாதங்களில் திடீரெனத் தளருமாயின், வயதின் இயல்பென்று விட்டுவிடாமல் அவரையும் மருத்துவரிடம் காட்டுக. சங்க நிர்வாகிகளும் ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்வார்களாயின், அங்கத்தினர் பெரிதும் பயனடைவர். தறிக்குப் பழுது வந்தால் தச்சர் உண்டு. நெய்பவரின் உடலுக்குப் பழுது வாராமல் காப்பது நம் அனைவர் கடமையாகும்.