ஆநிரை கவர்ந்தவனுக்கு எந்த அலைன்மென்ட்?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தம்பி ‘பால்டர்ஸ் கேட்’ கேமை முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தான். 1998-இல் வந்த கேம். 2012-இல் புதுப்பித்து வெளியிட்டதால் இன்றைய கம்ப்யூட்டரிலும் ஓடுகிறது. முதல் தடவை பாலடின் எடுத்தானாம். ஆசையில் ஊர்க்காரர்களை வெட்டப்போக, ரெப்யூட்டேஷன் அதலபாதாளத்துக்குப் போய், பாலடினுக்குரிய சக்திகளே பறிபோய்விட்டன. பழைய சேவ் ஃபைலும் இல்லை!

‘‘அண்ணா, இந்த ஒன்பதில் எதைக் கிளிக் செய்வது?’’ என்றான்.

இவை ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேஜை விளையாட்டிலிருந்து வந்தவை. 1974-இல் லா, நியூட்ராலிட்டி, கேயாஸ் என மூன்றுதான். குட், ஈவில் பிறகு சேர்ந்தன. மூன்றை மூன்றால் பெருக்கி, 1978-க்குள் ஒன்பதாகிவிட்டது. ‘லாஃபுல்’ என்றாலே நல்லவன் என்று நினைத்துத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

எங்கள் செங்கம் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. சுற்றிலும் பல்லவர் கால நடுகற்கள்; பல, மாட்டு மந்தைக்காக நடந்த சண்டைகளில் இறந்தவர்களுக்கு எடுத்தவை. கவரப் போகிறவனுக்கு வெட்சிப் பூ, மீட்கப் போகிறவனுக்குக் கரந்தைப் பூ என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இருவருமே வீரர்கள்தான்.

‘‘அரசன் சொல்லி மாடு ஓட்டி வருகிறவன் யார்?’’ என்று கேட்டேன்.

‘‘திருடன்.’’

‘‘கட்டளையை மீறவில்லையே, அப்போது லாஃபுல். ஆனால் மாட்டை இழந்த ஊருக்கு?’’

‘‘ஈவில்.’’

‘‘மனமிரங்கி, கட்டளையை மீறி மாட்டைத் திருப்பிக் கொடுத்தால்?’’

‘‘கேயாட்டிக் குட்!’’

நீங்களும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: கட்டளையும் இரக்கமும் மோதும்போது உங்கள் ஆள் எதை விடுவான்? கிளாஸையும் கவனியுங்கள். இந்த கேமில் பாலடின் லாஃபுல் குட் மட்டுமே. திருடனுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. முன்கூட்டி முடிவெடுக்கப் பிடிக்காதவர்களுக்கு 1999-இல் வந்த ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ இருக்கிறது. அதில் நடுநிலையில் தொடங்கி, நீங்கள் செய்வதைப் பொறுத்து அலைன்மென்ட் மாறும். 2023-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’-இல் இந்தத் தேர்வே இல்லை.

ஒரு வருத்தம். எங்கள் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. பெயர் கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்றதாம். டி அண்ட் டி-யின் 2000-ஆம் ஆண்டு விதிப்படி விலங்குகள் எல்லாம் நியூட்ரல். இதென்ன நியாயம்?

தம்பி கடைசியில் நியூட்ரல் குட் ரேஞ்சரைத் தேர்ந்தெடுத்தான். பெயர் கேட்ட பெட்டியில், ஆங்கில எழுத்தில் ‘கோவிவன்’ என்று டைப் செய்தான்.