சின்னதை எடு, பெரியதை விடு

அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், கனடாவை ஒட்டி இருக்கிறது மினசோட்டா மாநிலம். குளிர்காலம் முற்றினால் அங்கே ஏரிகள் உறைந்து, மேலே கார் ஓட்டும் அளவுக்கு இறுகிவிடும். அந்தப் பனித்தளத்தின் மேல் சின்னச் சின்னக் குடிசைகள் முளைக்கும். அவற்றில் சிலவற்றுக்கு ஜன்னல் கிடையாது, உள்ளே விளக்கும் கிடையாது. இருட்டுக்குள் ஒருவர் ஈட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தரையில் இருக்கும் ஓட்டையையே மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் காத்திருப்பது பைக் மீனுக்காக. நாமும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்காருவோம்.

முதலில் மீனைப் பார்ப்போம். நார்தர்ன் பைக் என்பது முழுப் பெயர். ஐரோப்பா, சைபீரியா, வட அமெரிக்கா என்று வடபுலத்தின் குளிர்ந்த நன்னீரில் எல்லாம் வாழ்கிறது. நீண்ட உடம்பு, தட்டையான நீள வாய், உள்ளே வரிசை வரிசையாகக் கூரிய பற்கள். முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலை ஒட்டிப் பின்னால் தள்ளி இருக்கும். அந்த அமைப்பே அதன் பிழைப்பைச் சொல்லிவிடும். இது இரையை வெகுதூரம் துரத்துகிற மீன் அல்ல. நீர்ச்செடிகளுக்குள் அசையாமல் பதுங்கியிருந்து, இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே பாய்ச்சலில் கவ்வும். பல மீன்கள் சோம்பிக் கிடக்கும் பனிக்காலத்திலும் பைக் இரை தேடி அலையும். மினசோட்டாவில் பிடிபட்டதாகப் பதிவான பைக்குகளில் மிகப் பெரியது 1929இல் பாஸ்வுட் ஏரியில் கிடைத்தது. எடை 45 பவுண்டு 12 அவுன்ஸ், கிட்டத்தட்ட 21 கிலோ. அந்தச் சாதனையை இன்றுவரை எவரும் முறியடிக்கவில்லை.

இப்போது ஓட்டைக்கு வருவோம். லீச் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 400 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்து கிடக்கும் பெரிய ஏரி. ஈட்டிக்காரர் அதன் நடு ஆழத்துக்குப் போவதில்லை. செடி வளரும், ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான ஆழமுள்ள விரிகுடாவைத் தேடிப் போவார். அங்கே ரம்பத்தால் பனியை அறுத்து, சுமார் இரண்டடிக்கு மூன்றடி அளவில் ஒரு செவ்வகம் போடுவார். பனி அரை மீட்டர் கனம் என்றால், அறுத்த கட்டி மட்டுமே கால் டன் வரும். அதைத் தூக்கி வெளியே போடுவது லேசான வேலையா? ஒரு பக்கத்தை அமுக்கிச் சாய்த்து, பனித்தளத்துக்கு அடியிலேயே தள்ளிவிடுவார்கள். பிறகு குடிசையை ஓட்டையின் மேல் நிறுத்தி, சுற்றிலும் அடிப்பக்கத்தில் பனியை அள்ளிக் குவித்து, வெளிச்சம் புகும் இடுக்கையெல்லாம் அடைத்துவிடுவார்கள்.

கதவைச் சாத்தியதும் ஓர் ஆச்சரியம் நடக்கும். உள்ளே கும்மிருட்டு, ஆனால் ஓட்டை மட்டும் பச்சையாக ஒளிரும். ஏரியின் அடித்தரையில் கிடக்கும் செடியின் இலைவரை தெரியும். பனிக்கு அடியில் இருட்டாகத்தானே இருக்கும் என்று நாம் நினைப்போம். அப்படியில்லை. பகல் வெளிச்சம் பனியை ஊடுருவி நீருக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் திறந்தவெளியில் நின்று பார்த்தால், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வானத்தின் வெளிச்சம் நம் கண்ணைக் கூசவைத்து, உள்ளிருந்து வரும் மங்கலான வெளிச்சத்தை அமுக்கிவிடும். நம் வீட்டில் பகலில் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றால் தெரு முழுக்கத் தெரியும். தெருவில் போகிறவருக்கு நாம் தெரியமாட்டோம் இல்லையா? அதே கணக்குதான். இருட்டு நம் பக்கம், வெளிச்சம் மீன் பக்கம். இன்னும் தெளிவு வேண்டும் என்பவர்கள் முட்டை ஓடுகளையோ வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டுகளையோ நீருக்குள் போடுவார்கள். அடித்தரையில் அந்த வெள்ளைப் புள்ளிகளை ஏதாவது மறைத்தால் மேலே மீன் போகிறது என்று அர்த்தம்.

இந்த வித்தை நேற்று வந்ததல்ல. ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்பே ஒஜிப்வே போன்ற பழங்குடி மக்கள், பனியில் ஓட்டை போட்டு, குனிந்து படுத்துப் போர்வையால் தலையோடு மூடிக்கொண்டு இதே முறையில் மீன் குத்தினார்கள். போர்வைக்குப் பதில் பலகைக் குடிசை வந்ததுதான் மாற்றம்.

பதுங்கியிருக்கும் மீனை ஓட்டைக்கு நேர் கீழே வரவழைக்க வேண்டுமே? அதற்குத்தான் பொம்மை மீன். மரத்தில் செதுக்கி, வயிற்றில் ஈயம் உருக்கி ஊற்றி, தகரத்தில் துடுப்பு வைத்திருப்பார்கள். நூலில் கட்டித் தொங்கவிட்டு, மேலே இருக்கும் குச்சியை லேசாகச் சுண்டினால் பொம்மை வட்டமடித்து நீந்தும். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும், எவ்வளவு பெரிய வட்டம் போட வேண்டும் என்பதெல்லாம் துடுப்பை வளைக்கும் விதத்தில் இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் காடிலாக் ஊரில் வாழ்ந்த ஆஸ்கர் பீட்டர்சன் செதுக்கிய பொம்மை மீன்களை இன்று நாட்டுப்புறக் கலைப்பொருட்களாகச் சேகரிக்கிறார்கள். பைக்குக்கு அந்த ரசனையெல்லாம் இல்லை. தனியாக ஒரு சின்ன மீன் தடுமாறிச் சுற்றுகிறது என்பது மட்டும்தான் அதற்குப் படும். சில சமயம் பாய்ந்து கவ்வும். பல சமயம் ஓட்டையின் ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் நகர்ந்து வந்து, பொம்மையைப் பார்த்தபடி நின்றுவிடும்.

ஈட்டியை இங்கே ஓங்கி எறிவதில்லை. அது பல முனைகளும் முனைதோறும் எதிர்முள்ளும் கொண்ட கனமான இரும்பு. முனைகளை முன்கூட்டியே நீருக்குள் மெல்ல அமிழ்த்தி வைத்திருப்பார்கள், கடைசி நேரத்தில் சலசலப்பு கேட்கக் கூடாது என்பதற்காக. மீன் நேர் கீழே வந்ததும், தலைக்குச் சற்றுப் பின்னால் குறிவைத்து இறக்கிவிட வேண்டியதுதான். எடையே மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பின்முனையில் கட்டிய கயிறு ஈட்டியைத் திரும்ப இழுத்துத் தரும். ‘நேர் கீழே’ என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சாய்வாகப் பார்த்தால் ஒளி நீரில் வளைவதால் மீன் இருக்கும் இடம் வேறு, தெரியும் இடம் வேறு. செங்குத்தாகப் பார்த்தால் அந்த விலகல் இல்லை. ஆனால் ஆழம் முக்கால் பங்காகத் தெரியும். எட்டடியில் இருக்கும் மீன் ஆறடியில் இருப்பதாகத் தோன்றும். அருகில் தோன்றுவதால் சற்றுப் பெரிதாகவும் தோன்றும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். பனியில் தூண்டில் போடுகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் ‘டிப்-அப்’ என்ற கருவியை ஓட்டையின் மேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். மீன் இரையை இழுத்ததும் அதில் மடங்கியிருக்கும் கொடி சட்டென்று நிமிரும். பைக்கின் பல் தூண்டில் நூலை அறுத்துவிடும் என்பதால் தூண்டில் முள்ளுக்கு மேலே கம்பி கோத்திருப்பார். மீனை மேலே எடுத்து, அளந்து, வேண்டாமென்றால் திரும்ப நீரில் விட்டுவிடலாம். ஈட்டியில் குத்திய மீனை அப்படி விட முடியாது. ஆகவே அளவு, இனம் எல்லாவற்றையும் குத்துவதற்கு முன்பே கண்ணால் முடிவு செய்தாக வேண்டும். வருவது குத்தக் கூடாத மஸ்கி மீனாகவும் இருக்கலாம். கரிய உடம்பில் வெளிர்ப் புள்ளி என்றால் பைக். வெளிர் உடம்பில் கரிய குறி என்றால் மஸ்கி. நீளத்துக்கு, பக்கத்தில் நீந்தும் பொம்மைதான் அளவுகோல். நீர் இரண்டையும் ஒரே மாதிரிப் பெரிதாக்கிக் காட்டுவதால், பொம்மையைப்போல் எத்தனை மடங்கு என்று பார்த்தால் கணக்கு தப்பாது.

அளவுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ‘சின்ன மீனை விட்டுவிடு, வளரட்டும், பெரியதை எடுத்துக்கொள்’ என்பது நம் எல்லோருக்கும் நியாயமாகப் படும். மினசோட்டாவிலும் பல தலைமுறைகளாக அப்படித்தான் நினைத்தார்கள். விளைவு என்ன தெரியுமா? மாநிலத்தின் வடமத்திய ஏரிகளில் பைக் குறையவில்லை, பெருகிவிட்டது. ஆனால் எல்லாமே சின்ன மீன்கள். ‘சுத்தியல் பிடி’ என்று அவற்றை அங்கே கேலியாகச் சொல்கிறார்கள்.

எப்படி இப்படி ஆயிற்று? பெரிய பைக்கின் உணவில் சின்ன பைக்கும் அடக்கம். ஏரியில் குட்டிகளின் தொகையைக் கட்டுப்படுத்தும் காவலே அந்தப் பெரிய மீன்கள்தான். அவற்றை எடுத்துவிட்டால் குட்டிகள் கட்டுக்கடங்காமல் பெருகும். ஒரு பெரிய பெட்டை லட்சத்துக்கும் மேல் முட்டையிடும் இனம் இது. பனி உருகியதும் கரையோரச் சதுப்பில் முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும். பெருகிய குட்டிகள் பெர்ச் முதலான சிறு மீன்களைத் தின்று தீர்த்துவிடும். பிறகு எதற்கும் வயிறு நிறையாது, எதுவும் வளராது. ‘விட்டுவிட்டால் வளரும்’ என்ற கணக்கு சாப்பாடு இருக்கும் ஏரிக்குத்தான் பொருந்தும்.

அதனால் 2018இல் மினசோட்டா விதியை மாற்றியது. அதுவரை பெரும்பாலும் மாநிலம் முழுக்க ஒரே விதி: மூன்று மீன், அதில் 30 அங்குலத்துக்கு மேல் ஒன்று மட்டும். இப்போது மாநிலம் மூன்று மண்டலம். வடமத்திய மண்டலத்தில் பத்து பைக் வரை எடுக்கலாம். 22 முதல் 26 அங்குலம் வரை உள்ளதைத் திரும்ப விட்டுவிட வேண்டும். 26க்கு மேல் இரண்டுக்கு மிகக் கூடாது. அதாவது, சின்னதைத் தாராளமாகச் சாப்பிடு, நடுத்தரத்தை வளரவிடு. கண்ணால் மட்டுமே அளக்க முடிந்த ஈட்டிக்காரருக்கு ஒரு சலுகை உண்டு: அந்த இடைப்பட்ட அளவில் ஒன்று எடுத்துக்கொள்ளலாம், அப்படி எடுத்தால் 26க்கு மேல் ஒன்றோடு நிறுத்த வேண்டும். தெற்கு மண்டலத்தில் பைக் குறைவு, வளர்ச்சி வேகம். அங்கே 24 அங்குலத்துக்குக் குறைந்ததை எடுக்கவே கூடாது. நம் பழைய கணக்கு அங்கே சரிதான். வடகிழக்கின் குளிர்ந்த ஏரிகளில் மீன் மெதுவாக வளர்ந்தாலும் பெரிதாக வளரும். அங்கே தூண்டில்காரர் 30 முதல் 40 அங்குலம் வரை உள்ளதைத் தொடக் கூடாது.

சின்ன பைக்கை மக்கள் ஒதுக்குவதற்கு இன்னொரு காரணம் முள். சதைக்குள் கவடு கவடாக ஒரு வரிசை முள் ஓடும். அதைக் கத்தியால் வகிர்ந்து எடுக்கத் தெரிந்தவர்கள் எடுத்துவிடுவார்கள். தெரியாதவர்கள் துண்டு போட்டு வினிகரில் ஊறவைத்தால் முள் இளகிப்போகும். அந்த ஊறுகாய்க்கு அங்கே ரசிகர்கள் நிறைய.

ஆக, இருட்டுக் குடிசையில் உட்கார்ந்திருப்பவரின் திறமை கைவலுவில் இல்லை. ஒரு மீட்டர் நீளப் பைக் பொம்மைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது, அளந்து பார்த்து, போகட்டும் என்று ஈட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வதில் இருக்கிறது. இனி யாராவது ‘சின்ன மீனை விட்டுவிடு’ என்று பொதுவாகச் சொன்னால், ‘எந்த ஏரியில்?’ என்று கேளுங்கள். பதில் அந்த ஏரியில் எது குறைவாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது.