உங்களுக்குத் தெரியுமா? சாஹிரா காஸ்மி: சின்னத்திரையின் பெரிய பெயர்

இந்தியாவில் தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலம். பாகிஸ்தான் அரசுத் தொலைக்காட்சியான பி.டி.வி.யின் உருதுத் தொடர்கள் வீடியோ கேசட்டுகளாக எல்லை தாண்டி வந்து, டெல்லியிலும் பம்பாயிலும் வாடகைக்குப் போயின. அந்தத் தொடர்களின் பொற்காலத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் இயக்குநர் சாஹிரா காஸ்மி. பெண்ணின் ஆசையையும் அவஸ்தையையும் வீட்டுக் கூடத்துப் பேச்சாக்கிய அவரைப் பற்றிச் சில துளிகள்:

★ அப்பா ஒரு பம்பாய் ஹீரோ

சாஹிரா பிறந்தது 1950-ல், பம்பாயில். அப்பா ஷ்யாம், சியால்கோட்டில் பிறந்து இந்தி சினிமாவில் கதாநாயகனாக உயர்ந்தவர். நடிகை சுரையாவுடன் அவர் நடித்த ‘தில்லகி’ 1949-ல் வெளியானது. 1951 ஏப்ரலில் ‘ஷபிஸ்தான்’ படப்பிடிப்பில் குதிரையிலிருந்து விழுந்து ஷ்யாம் உயிரிழந்தபோது அவருக்கு வயது 31, மகளுக்கு ஒன்று. அதன் பிறகு அம்மா மும்தாஜ் குரேஷி மகளுடன் பாகிஸ்தானில் குடியேறினார்.

★ மண்டோவின் தோழர்

எழுத்தாளர் சாதத் ஹசன் மண்டோவின் உயிர் நண்பர் இதே ஷ்யாம்தான். பிரிவினைக்குப் பின் மண்டோ லாகூர் போய்விட, ஷ்யாம் பம்பாயிலேயே தங்கினார். நண்பர் இறந்த பிறகு அவரைப் பற்றி மண்டோ ஒரு நினைவுச் சித்திரம் எழுதினார். நந்திதா தாஸ் இயக்கிய ‘மண்டோ’ (2018) படத்தில் தாஹிர் ராஜ் பாசின் நடித்தது ஷ்யாமின் வேடம்.

★ முதலில் கேமராவுக்கு முன்னால்

இயக்குநர் ஆவதற்கு முன் சாஹிரா பெயர்பெற்ற நடிகை. ஹென்றி ஜேம்ஸின் ‘தி போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி’ நாவலைத் தழுவி ஹசீனா மொயின் எழுதிய ‘பர்சாயியான்’ (1976) தொடரில், கணவர் ராஹத் காஸ்மியுடன் நடித்தார். அயன் ராண்டின் ‘தி ஃபவுண்டன்ஹெட்’ நாவலைத் தழுவிய ‘தீஸ்ரா கினாரா’விலும் நடித்தார்.

★ முக்காடு உத்தரவு

ஜெனரல் ஜியா உல் ஹக் ஆட்சியில், தொலைக்காட்சியில் தோன்றும் பெண்கள் தலையை மூடியே வரவேண்டும் என்று உத்தரவு. நிகழ்ச்சித் தொகுப்பாளர் மெஹ்தாப், ‘மாட்டேன்’ என்று மறுத்து வெளியேறினார். ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்ளும் காட்சிக்கும் இடமில்லை. சாஹிராவின் மிகப் புகழ்பெற்ற காதல் கதை இந்தக் கெடுபிடிக் காலத்தில்தான் வந்தது.

★ தொடாமலே ஒரு காதல்

அதுதான் ‘தூப் கினாரே’ (1987). ஹசீனா மொயின் எழுத்து, சாஹிரா இயக்கம். கராச்சி மருத்துவமனைக்கு வரும் குறும்புக்கார இளம் டாக்டர் ஜோயாவாக மரீனா கான். அவளை அதட்டியே வேலை வாங்கும் சீனியர் டாக்டர் அஹ்மராக ராஹத் காஸ்மி. ஆக, காதல் காட்சிகளில் நாயகனாக நின்றவர் இயக்குநரின் சொந்தக் கணவர்! கட்டிப்பிடித்தல் இல்லை, மரத்தைச் சுற்றி ஆட்டம் இல்லை. வார்டிலும் வராந்தாவிலும் நடக்கும் வாய்ச்சண்டை, பேச்சு நின்றதும் ஒரு பார்வை, அவ்வளவுதான். ஜோயா அதிகம் பேசுவாள், தப்புச் செய்வாள், வேலையும் கற்றுக்கொள்வாள். அழுதுகொண்டே இருக்கும் நாயகிகளுக்கு நடுவே அவள் புதுக்காற்று.

★ ஃபைஸின் கவிதை, நய்யாராவின் குரல்

இந்தத் தொடரில் பாடகி நய்யாரா நூரின் குரலில் உருதுக் கவிஞர் ஃபைஸ் அஹ்மத் ஃபைஸின் கவிதை ஒலிக்கும். பாத்திரங்கள் சொல்ல முடியாததைப் பாட்டு சொல்லிவிடும்.

★ ரோஸி என்கிற ஹாரூன்

டஸ்டின் ஹாஃப்மன் நடித்த ‘டூட்ஸி’ படத்தைத் தழுவி இம்ரான் அஸ்லம் எழுத, 1990-ல் சாஹிரா இயக்கியது ‘ரோஸி’. வாய்ப்புக் கிடைக்காத நடிகன் ஹாரூன் பெண் வேடம் போட்டு வாய்ப்புப் பெறுகிறான். அந்த வேடத்தில் இருக்கும்போதுதான், ஆண்களின் பார்வையும் பேச்சும் எப்படிக் குத்தும் என்பதை அனுபவிக்கிறான். நகைச்சுவை மன்னர் மொயின் அக்தர் இந்த வேடத்தைக் கேலிக்கூத்தாக்காமல் நடித்தார். அவருடைய வாழ்நாளின் சிறந்த வேடங்களில் ஒன்றாக இது இன்றும் பேசப்படுகிறது.

★ ஆண் பிள்ளை வேண்டும்!

1991-ல் வந்த ‘ஆஹட்’ குடும்பக் கட்டுப்பாட்டைக் கதையாக்கியது. மகன் வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் அடுத்தடுத்துப் பெண் குழந்தைகளைப் பெற்று, உடல் நொடிந்துபோகும் மனைவியாக நடித்தவர் சானியா சயீத். சுகாதாரத் துறைச் சுவரொட்டி எட்டாத இடத்துக்கு, மாமியாரும் மருமகளும் சேர்ந்து பார்க்கும் ஒரு தொடர் போய்ச் சேர்ந்தது. அடுத்து அஸ்கர் நதீம் சையத் எழுத்தில் ‘நிஜாத்’ (1993) தொடரையும் பெண்களின் நலனைப் பேசும் கதையாகவே இயக்கினார்.

★ இந்தியிலும் அரபியிலும்

‘தூப் கினாரே’ 2011-ல் சோனி டிவியில் ‘குச் தோ லோக் கஹேங்கே’ என்ற பெயரில் இந்தித் தொடரானது. மூலத்தொடர் வாரம் ஒருமுறை வந்து சில மாதங்களில் முடிந்தது. இந்தி வடிவமோ 2013 வரை நீண்டது. மூலத்தொடர் 2020-ல் சவூதி தொலைக்காட்சிக்காக அரபியிலும் டப்பிங் செய்யப்பட்டது.

★ மகன் நடித்த தமிழ் அப்பா

சாஹிரா - ராஹத் தம்பதியின் மகன் அலி காஸ்மியும் நடிகர். ஷ்யாம் செல்வதுரையின் நாவலைத் தழுவி தீபா மேத்தா எடுத்த ‘ஃபன்னி பாய்’ (2020) படத்தில், கொழும்புத் தமிழ்க் குடும்பத்தின் தலைவர் செல்வாவாக வந்தவர் அவர்தான். 1983 இனக் கலவரத்தில் வீடிழக்கும் குடும்பம் அது. பிரிவினையில் இரண்டாகிப்போன நட்புவட்டத்தைச் சேர்ந்த ஷ்யாமின் பேரனுக்கு இப்படியொரு வேடம்!

★ எங்கிருந்து தொடங்கலாம்?

புதிதாகப் பார்ப்பவர்கள் ‘தூப் கினாரே’யில் தொடங்குங்கள், அடுத்து ‘ரோஸி’. காட்ட அனுமதித்தது கொஞ்சம், சொல்ல வேண்டியது ஏராளம் என்ற நிலையில் ஓர் இயக்குநர் எவ்வளவு சாதிக்க முடியும் என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி. சீரியல் என்றாலே சளைத்த கலை என்று நினைப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.