கோப்பையும் தூரிகையும்

ஒரு கையில் மதுக்கோப்பை. மறு கையில் வண்ணத் தூரிகை. எதிரே வெள்ளைக் கித்தான்! இப்படியும் ஓவிய வகுப்பு நடக்கிறது அமெரிக்காவில். காசு கொடுத்து, முன்கூட்டியே இடம் பிடித்து, கூட்டங்கூட்டமாக வந்து அமர்கிறார்கள். தீட்டுவோம், பருகுவோம் என்பது அங்கே முழக்கம்.

கேட்டதும் சிரிப்பு வரும். "குடித்துவிட்டு ஓவியமா? கோடு நேராக விழுமா?" என்று கேலி பேசத் தோன்றும். நாம் கேலி பேச வரவில்லை. குடியின் கேட்டை விளக்க வரவுமில்லை. அதனை அறியாதவர்களா நம் தோழர்கள்? நம் உள்ளத்தில் எழும் கேள்வி ஒன்றே ஒன்று: படம் வரைய வந்தவருக்குக் கோப்பை எதற்கு?

இந்த வழக்கம் முளைவிட்டது 2002ஆம் ஆண்டளவில், அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில். தழைத்ததோ லூசியானாவில், ஒரு பெருந்துயருக்குப் பிறகு. 2005 ஆகஸ்டில் கத்ரீனா என்னும் புயல் அடித்தது. கரைகள் உடைந்தன. நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடிழந்தோர், உறவிழந்தோர், வேலையிழந்தோர் எத்தனையோ பேர்! ஏரிக்கு அக்கரையில் உள்ள மாண்டவில் என்ற சிற்றூரில், 2007இல், கேத்தி டீனோ, ரெனே மலோனி என்ற இரு பெண்மணிகள் இத்தகைய வகுப்பைத் தொடங்கினர். அல்லற்பட்ட மக்கள் ஒரு மாலைப்பொழுதாவது கவலை மறந்து கூடியிருக்கட்டும் என்பது எண்ணம். எண்ணம் நல்லதுதான். மறுக்கவில்லை நாம்.

வகுப்பு எப்படி நடக்கிறது? இரண்டு மூன்று மணி நேரம். மேல்துணி தருகிறார்கள், அக்ரிலிக் வண்ணம் தருகிறார்கள். அது தண்ணீரில் கரையும், விரைவில் உலரும்; ஆகவே அன்றே படத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆசிரியர் முன்னே நின்று வானத்தைத் தீட்டுவார். முப்பது பேரும் வானத்தைத் தீட்டுவர். அவர் நிலவை வைப்பார். முப்பது பேரும் நிலவை வைப்பர். சில இடங்களில் மது அங்கேயே விற்கப்படும். உரிமம் இல்லாத இடங்களில் வருகிறவரே புட்டியைக் கொண்டு வருவார்.

வணிகன் சும்மா இருப்பானா? கிளைகள் ஊருக்கு ஊர் பரவின. 2012இல் பாஸ்டன் நகரில் பெயிண்ட் நைட் என்றொரு நிறுவனம் புறப்பட்டது. அதற்குச் சொந்தக் கட்டடம்கூட வேண்டியிருக்கவில்லை. ஆள் வராத நாட்களில் ஈயோட்டிக் கொண்டிருந்த மதுக்கடைகளுக்கே வகுப்பைக் கொண்டு போயிற்று. ஓவியத்தைக் காட்டி மது விற்றதா, மதுவைக் காட்டி ஓவியம் விற்றதா? இரண்டும் விற்றன!

சரி, கோப்பை எதற்கு? வெட்கத்தைப் போக்க! "எனக்கு வரைய வராது, பிறர் பார்த்தால் சிரிப்பார்கள்" என்ற கூச்சத்தை ஒரு மிடறு மது தளர்த்தி வைக்கிறது. எங்கிருந்து வந்தது இந்தக் கூச்சம்? கரித்துண்டு கிடைத்த குழந்தை சுவரைப் பார்த்துக் கூசுவதில்லையே! யானை வரைகிறது, இரயில் வரைகிறது, அம்மாவை வரைகிறது. அந்தத் துணிவை வளர்ந்த மனிதனிடமிருந்து யார் பறித்தார்கள்? ஓவியம் அரண்மனைக்கு உரியது என்றனர். தேவாலயத்துக்கு உரியது, சீமான் வீட்டுச் சுவருக்கு உரியது என்றனர். மேதை தீட்டுவான், பணக்காரன் வாங்குவான், ஏழை எட்ட நின்று பார்ப்பான் என்று ஏற்பாடு செய்தனர். பல தலைமுறை கேட்ட பேச்சு பாமரனின் நெஞ்சில் படிந்தது. அதைக் கரைக்கத்தான் இன்று கோப்பை தேடுகிறார்கள்.

கோப்பையின்றிக் கரையாதா அது? கரைந்திருக்கிறது, தோழர்களே! கரைத்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள்.

இங்கிலாந்தின் வடபுறத்தில், நார்தம்பர்லாந்து வட்டாரத்தில், ஆஷிங்டன் என்பது நிலக்கரிச் சுரங்க ஊர். 1934இல் அங்குள்ள தொழிலாளர் சிலர் தொழிலாளர் கல்விச் சங்கத்தின் வழியே கலை பற்றிய வகுப்பு ஒன்று கேட்டனர். நியூகாசிலிலிருந்து ராபர்ட் லயன் என்ற ஓவிய ஆசிரியர் வந்தார். பழம்பெரும் ஓவியங்களின் நிழற்படங்களைக் காட்டிப் பேசினார். பயனில்லை. அந்தப் படங்களுக்கும் அவர்கள் வாழ்வுக்கும் என்ன உறவு? லயன் வழியை மாற்றினார். பேச்சை நிறுத்தி, அவர்களையே செய்து பார்க்கச் சொன்னார். தலைப்பு ஒன்று தருவார். வேலை முடித்து, கரி கழுவி, வீட்டில் அமர்ந்து தீட்டி வருவார்கள். பிறகு ஒருவர் படத்தை மற்றவர்கள் அலசுவார்கள். முகத்துக்கு நேரே குறை சொல்வார்கள். கூசவில்லை, தோழன் தோழனுக்குச் சொல்வதில் கூச்சம் ஏது?

மலிவான பலகையும் மலிவான சாயமும் போதுமாயின அவர்களுக்கு. என்ன தீட்டினார்கள்? முதுகு வளைய நிலக்கரி வெட்டும் மனிதனை, சுரங்கத்தில் வண்டி இழுக்கும் குதிரையை, தோட்டத்தில் விளைந்த காய்கறியை, வளர்த்த நாயை! சிறு வயதிலேயே சுரங்கத்தில் இறங்கிய ஆலிவர் கில்பர்ன், தொழிலாளர் மன்றத்தில் கூடிக் குடிக்கும் சனிக்கிழமை இரவையும் தீட்டினார். கவனியுங்கள்: அங்கே கோப்பை ஓவியத்துக்குத் துணைவரவில்லை, ஓவியத்துக்குள்ளே பொருளாக வந்து நின்றது!

1936இல் நியூகாசில் ஹாட்டன் காட்சிக்கூடத்தில் அவர்கள் படங்கள் காட்சிக்கு வந்தன. 1984 வரை, ஐம்பது ஆண்டுகள், நடந்தது அந்தக் குழு. சிறந்த படங்களை விற்றுவிடாமல் பொதுச்சொத்தாகக் காத்தனர். பக்கத்திலே உட்ஹார்ன் சுரங்கம் மூடப்பட்டு அருங்காட்சியகமாயிற்று. அந்தப் படங்கள் இன்று இருப்பது அங்கேதான். சுரங்கம் போயிற்று, அதில் உழைத்தவன் கண்ட காட்சி நிற்கிறது!

மாண்டவில் வகுப்புக்கு வரும் தாதிப் பெண்ணையோ, எழுத்தரையோ நாம் குறை கூறோம். நாளெல்லாம் உழைத்தவர் ஒரு மாலை சிரித்திருந்தால் யாருக்கு என்ன நட்டம்? தூரிகையைத் தொடாத கை தொட்டதே, அது நல்ல தொடக்கம். ஆனால் தொடக்கத்தோடு நின்றுவிடுகிறதே! முப்பது பேர் வந்தனர், முப்பது நிலவுகள் எழுந்தன, முப்பதும் ஒரே நிலவு. வந்தவரின் தெரு எங்கே, தொழில் எங்கே, துயரம் எங்கே? கட்டணம் கட்டி வாங்கிய துணிவு, கோப்பை காலியானதும் காலியாகி விடுகிறது.

ஆஷிங்டன் தொழிலாளி பெற்ற துணிவு அப்படிப்பட்டதன்று. என் வாழ்வும் வரையத் தக்கதே, என் கையும் வரையத் தக்கதே என்று அவன் உணர்ந்தான். அந்த உணர்வைப் புட்டியில் அடைத்து எவரும் விற்க முடியாது. கரி வெட்டிய கைக்கு அது வந்தது. நூல் நூற்கும் கைக்கும், இரும்பு அடிக்கும் கைக்கும், அச்சுக் கோக்கும் கைக்கும் வரும்!