ஆராய்ச்சிப் பணமும் ஏழையின் உயிரும்

தவக்காலத்து ஞாயிறு ஒன்றில் காலைத் திருப்பலி முடிந்து, மணப்பாட்டு மணற்குன்றின் மேலுள்ள திருச்சிலுவை ஆலயத்திலிருந்து மக்கள் இறங்கிச் சென்றபின், மீனவப் பெரியவர் ஒருவர் மட்டும் என்னருகே தயங்கி நின்றார். அவர் முகத்தில் சினமும் அச்சமும் கலந்திருந்தன. "சாமி, என் மகனை வச்சு ஆராய்ச்சி பண்ணுறாங்க" என்றார்.

திடுக்கிட்டு விசாரித்தபோது செய்தி விளங்கிற்று. அவருடைய மகன் மூன்று மாதங்களாக இருமலால் வாடியிருக்கிறான். கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றெண்ணிய வீட்டார், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய இருமல் மருந்தையே கொடுத்து வந்தனர். வள்ளத்தில் ஏறவும் வலுவற்றுப் போன பிறகே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றனர். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று தந்தை காத்திருந்தார். செவிலியரோ அவனை எடை போட்டார், உயரம் அளந்தார், காலில் வீக்கம் உண்டா என்று அழுத்திப் பார்த்தார், நிமிடத்திற்கு எத்தனை முறை மூச்சு விடுகிறான் என்று எண்ணினார், விரலில் சிறு கருவியொன்றை மாட்டினார், எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொன்னார். இறுதியில், உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று கூறிவிட்டார்.

"மருந்துக்குப் போனவனுக்கு எதுக்கு சாமி இத்தனை சோதனை? ஆராய்ச்சிக்குன்னு கோடி கோடியாக் கொட்டுற பணத்தை ஏழைகளுக்கு மருந்தாக் கொடுத்தால் ஆகாதா?" என்று கேட்டார் பெரியவர்.

நேர்மையான கேள்வி. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் அரசுக்கு வரி செலுத்துகிறான். அப்பணம் எங்கே போகிறது என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு. ஆகவே அவருக்குச் சொன்ன மறுமொழியை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

நம் பாட்டன்மார் காலத்தில் இந்நோயை எலும்புருக்கி என்பர். அது கண்டவரைச் சானடோரியத்தில் சேர்த்து, ஓய்வும் ஊட்டமான உணவும் நல்ல காற்றும் தருவதே சிகிச்சை எனக் கருதப்பட்டது. ஆனால் நாட்டில் நோயாளிகள் பல இலட்சம். படுக்கைகளோ சில ஆயிரம். இடம் கிடைக்காத ஏழை என்ன செய்வான்? இக்கேள்விக்கு விடை காண 1956-ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதற்குத் துணை நின்றன.

சென்னையின் ஏழை மக்களுள் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மற்றவர் தம் நெருக்கடியான வீடுகளிலும் தங்கி, ஓராண்டு அதே மருந்துகளை உட்கொண்டனர். வீட்டிலிருந்தோருக்கு நல்ல உணவில்லை, ஓய்வில்லை. ஆயினும் அவர்களும் ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே குணமடைந்தனர். அவர்தம் குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றிற்று. 1962-இல் நம் நாட்டில் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டத்திற்கும் அதுவே அடித்தளமாயிற்று. அன்று ஆராய்ச்சிக்கெனச் செலவிட்ட பணம் இல்லாதிருந்தால், ஏழையின் வீட்டு வாசலுக்கு மருந்து வந்திருக்குமா?

எனினும் உண்மையைக் கண்டறிவது வேறு. அதைக் கடைசி வீடுவரை கொண்டு சேர்ப்பது வேறு. மருந்து இருந்தும், சிகிச்சை தொடங்கியவர்களுள் பலர் பாதியிலேயே நிறுத்திவிட்டனர். எனவே 1997-இல் திட்டம் திருத்தியமைக்கப்பட்டது. அது நாடு முழுவதையும் எட்டியது 2006-இல்தான். ஆய்வுக்கூடத்திற்கும் நம் குடிசைக்கும் இடையே உள்ள இந்தத் தொலைவைக் குறைக்க வழி தேடுவதும் ஆராய்ச்சியே. அரசு மருத்துவ நிலையங்களிலேயே, அங்குள்ள ஊழியர்களைக் கொண்டே, எது பயன்படும் என்று பார்க்கும் ஆராய்ச்சி அது.

அதற்கு நம் மாநிலமே சான்று. காசநோயால் நேரும் மரணங்களுள் பெரும்பகுதி, நோய் கண்டறிந்த முதல் இரண்டு மாதங்களுக்குள் நேர்கிறது. அப்படியானால், முதல் நாளிலேயே ஆபத்தான நிலையிலுள்ளவரைப் பிரித்தறிவது எப்படி? சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் தமிழ்நாடு அரசும் இணைந்து, 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கின. உயரத்திற்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் உயிர்வளியின் அளவு, துணையின்றி நிற்கும் வலிமை ஆகியவற்றைக் கொண்டே நோயின் கடுமையை அறியலாம். பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கடுமையானவரை உடனே மருத்துவமனையில் சேர்த்தால் உயிரைக் காக்கலாம்.

பெரியவரின் மகனுக்குச் செவிலியர் செய்தது இதுவே. அது அவன்மீது நடத்தப்பட்ட ஆராய்ச்சியன்று. ஆராய்ச்சி தந்த கனி. மெய்யான ஆராய்ச்சிக்கு ஒருவரை உட்படுத்துவதாயின், அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்லி இசைவு பெறவேண்டும் என்பதே நாட்டின் நெறிமுறை. வேண்டாம் என்று மறுக்கவும், இடையில் விலகவும் அவருக்கு உரிமை உண்டு. ஆயினும் அந்தச் செவிலியர், தாம் மூச்சை எண்ணுவது ஏன் என்று தந்தைக்கு இரண்டு சொல் கூறியிருக்கலாம். கூறியிருந்தால் அந்த ஏழை நெஞ்சு அவ்வளவு கலங்கியிராது.

மற்றொரு செய்தியையும் இல்லத்தரசிகள் அறிதல் நலம். ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களிடையே நடந்த ஆய்வொன்று 2023-இல் வெளிவந்தது. நோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கூடுதலாக வழங்கப்பட்டபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 39 விழுக்காடு குறைந்தது. நோயாளியின் உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் அளித்து வந்த மத்திய அரசு, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. இது கருணைக் கொடையன்று, நோயாளியின் உரிமை. வெட்கப்படாமல் கேட்டுப் பெறுங்கள்.

பெரியவரின் மகன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான், உயிர் பிழைத்தான். திருச்சிலுவைத் திருவிழாவின்போது கரையில் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தான், எடையும் கூடியிருந்தது. ஆனால் அவர்கள் வீட்டிற்குச் சென்றபோது ஒன்று கண்டேன். அவனுடைய தட்டும் டம்ளரும் திண்ணை ஓரத்தில் தனியே வைக்கப்பட்டிருந்தன. தங்கைக்கு வரன் பார்ப்பதால், நோயை வெளியே சொல்ல வேண்டாம் என்று தாய் என்னிடம் கெஞ்சினார்.

அன்பர்களே, இந்நோய் காற்றின் வழியே பரவுவது, தட்டினால் பரவுவதன்று. முறையாக மருந்து உண்பவரைவிட, நோயை மறைத்து மருந்துண்ணாதவராலேயே ஆபத்து மிகுதி. இதையும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னை ஆய்வு காட்டிற்று. அரசின் பணமும் அறிஞரின் உழைப்பும் நம் வாசல்வரை வந்துவிட்டன. திண்ணையிலிருக்கும் அந்தத் தட்டை உள்ளே எடுத்து வைக்க வேண்டியவர்கள் நாம்தாம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடிப்பவர் உங்கள் இல்லத்தில் இருப்பின், இன்றே அழைத்துச் செல்லுங்கள்.