தேய்க்க ஒரு பாசி, வளர்க்க ஒரு பாசி

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டதும் புனேயில் எங்கள் சொசைட்டி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். படிக்கட்டு, நடைபாதை, சுற்றுச்சுவர், மொட்டை மாடி என்று எல்லா இடத்திலும் ‘ஷேவாள்’ பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கப் போகிறோம் என்று அதில் இருக்கும். ஷேவாள் என்றால் மராத்தியில் பாசி. இந்த விஷயத்தில் அவர்களும் நம்மைப் போலத்தான். ஈரத்தில் பச்சையாக எது படர்ந்தாலும் ஒரே பெயர். காலை வாரிவிடுவதும் பாசி, தொட்டியில் வெல்வெட் விரித்தாற்போல் இருப்பதும் பாசி. போதாக்குறைக்கு, பிரியாணிக்குப் போடுகிற கல்பாசியும் பாசி!

என் பால்கனியில் ஏழெட்டுத் தொட்டிகளில் பாசி வளர்க்கிறேன். “எல்லாரும் தேய்ச்சு அலம்பறதை நீ தண்ணி தெளிச்சு வளர்க்கறியேம்மா” என்று என் மாமியார் சிரித்தார். அவருக்கு வயது 78. சிரித்தாலும் அவர் கேள்வியில் நியாயம் உண்டு. அந்த வயதில் ஒரு தரம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு எழுந்து நடப்பதே பெரும்பாடு. நம் சங்கத்தில் பல வீடுகளில் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் எதைத் தேய்க்க வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

விரலால் தேய்த்துப் பாருங்கள். பச்சைச் சாயம் போல் கையில் ஒட்டிக்கொண்டு கொழகொழவென்றிருந்தால் அது ஆல்கா எனப்படும் நீர்ப்பாசி. மழைக்குப் பின் மொட்டை மாடியில் கரும்பச்சை ஜெல்லி போல் சுருண்டு கிடக்கிறதே, அது நாஸ்டாக் என்னும் நுண்ணுயிர்க் கூட்டம். வழுக்குவதில் முதல் பரிசு இந்த இரண்டுக்கும்தான். தயவு தாட்சண்யம் இல்லாமல் தேய்த்துவிடுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தைச் சரிசெய்து, தென்னை நார் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, வெயில் படும்படி விட்டாலே பெரும்பாலும் போதும். பிளீச்சிங் பவுடர் கரைந்தோடும் தண்ணீர் பக்கத்துச் செடிகளின் வேரையும் பதம் பார்த்துவிடும்.

கையில் ஒட்டாமல், உற்றுப் பார்த்தால் குட்டிக் குட்டி இலைகளோடு மெத்தையாக இருந்தால் அதுதான் மாஸ் எனப்படும் பாசிச்செடி. பிளஸ் டூவில் தாவரவியல் படித்தவர்களுக்கு ஃபியூனேரியா படம் வரைந்து மதிப்பெண் வாங்கியது நினைவிருக்கும். அந்தக் குடும்பம்தான். இதற்கு உண்மையான வேர் கிடையாது. பிடித்துக்கொள்ள மயிரிழை போன்ற வேரிகள் மட்டும் உண்டு. தண்ணீரை இலையாலேயே குடிக்கிறது. நம் சிமெண்ட் தளங்களில் வெள்ளி பூசினாற்போல் மின்னும் சிறு மெத்தைகள் பிரையம் அர்ஜென்டியம் என்ற இனம். அண்டார்டிகாவிலும் இதே பாசி வளர்கிறது. இதுவும் நனைந்த நடைபாதையில் இருந்தால் கால் வைக்க ஆபத்துதான். வீட்டுச் சுவரிலும் வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொட்டி, தோட்டத்துக் கல், சுற்றுச்சுவரின் பின்பக்கம், இவைதான் அதற்கு உரிய இடங்கள்.

வளர்ப்பதற்குச் செலவே இல்லை. சாயம் பூசாத மண் தொட்டியோ அகலமான மண் சட்டியோ போதும். அடியில் ஓட்டை இருக்க வேண்டும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, செம்மண்ணும் மணலும் கலந்து நிரப்பி, மேல்பரப்பைக் கையால் அழுத்திச் சமப்படுத்துங்கள். எருவோ உரமோ வேண்டாம்; போட்டால் பாசிக்குப் பதில் புல்தான் முளைக்கும். உங்கள் கட்டடத்துச் சாக்கடை ஓரத்திலோ பழைய செங்கல்லிலோ இருக்கும் பாசியைப் பழைய தோசைக் கரண்டியால் மெல்லப் பெயர்த்து, மண்ணோடு அப்படியே வைத்து நன்றாக அழுத்துங்கள். இடையில் காற்று இருந்தால் அடிப்பக்கம் காய்ந்து பாசி சுருண்டுவிடும். சூரியன் நேராக விழாத இடத்தில் வைத்துக் காலையும் மாலையும் பூப்போல் தண்ணீர் தெளிக்க வேண்டும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தது உத்தமம். போர்வெல் தண்ணீரின் உப்பு நாளடைவில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒன்றிரண்டு மாதத்தில் கல்லைப் பற்றிக்கொள்ளும். பிறகு மெல்லிய காம்புகள் நிமிர்ந்து, நுனியில் கடுகைவிடச் சிறிய தலைகள் தெரியும். அவற்றிலிருந்து விதைத்தூள் பறக்கும்.

பாசியை மோரில் அரைத்துச் சுவரில் பூசினால் வளரும் என்று ஒரு யோசனை வெகுநாளாக உலவுகிறது. மோரை விரும்புவது பூஞ்சைக் காளான்தான். எறும்பும் வரும். வெறும் தண்ணீரில் கரைத்துப் பூசினால் போதும். மோரை நாம் குடிப்போம்.

வேண்டிக் கேட்டுக்கொள்வது ஒன்று. லோனாவாலா, மகாபலேஷ்வர் போய் வரும்போது காட்டுப் பாறைகளிலிருந்து பாசியைப் பெயர்த்துக்கொண்டு வராதீர்கள். மலையின் ஈரத்துக்குப் பழகியது நம் வீட்டு பால்கனியில் அநேகமாகப் பிழைக்காது. டெல்லி அன்பர்கள் நைனிதால் பக்கம் போனால் குர்பாதாலைப் பார்த்துவிட்டு வரலாம். உத்தராகண்ட் வனத்துறை 2020இல் பாசிக்கென்றே அங்கு ஒரு தோட்டம் திறந்தது. அதே ஆண்டு முன்சியாரியில் லைக்கன்களுக்கும் ஒரு பூங்கா அமைத்தார்கள்.

லைக்கன் என்பதுதான் மூன்றாவது ‘பாசி’. விரலால் தேய்த்தால் வராது. பெயின்ட் தெறித்துக் காய்ந்தது போல், சாம்பலும் வெளிர்பச்சையுமாக வட்ட வட்டமாகக் கல்லிலும் மரப்பட்டையிலும் ஒட்டியிருக்கும். பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் அது. பூஞ்சை வீடு கட்டும், ஆல்கா வெயிலில் சமைக்கும். இது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மாமரத்துக்கு நோய் வந்துவிட்டதென்று சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பது வீண் வேலை.

லைக்கனைப் பாசி போல் நட்டு வளர்க்க முடியாது. பல இனங்கள் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. பழைய சிமெண்ட் தொட்டியை வெளியில் வைத்துவிட்டுத் தேய்க்காமல், பெயின்ட் அடிக்காமல் காத்திருப்பதுதான் வழி. அதற்கு நல்ல காற்றும் வேண்டும். ஃபின்லாந்து நாட்டு அறிஞர் நைலாண்டர் பாரிஸ் நகரின் லக்சம்பர்க் பூங்காவில் லைக்கன்கள் இருப்பதையும் நகரின் மற்ற இடங்களில் அவை அருகிவிட்டதையும் பார்த்து, காற்றின் தூய்மையை இவற்றைக் கொண்டு அறியலாம் என்று 1866இலேயே எழுதினார். நிலக்கரிப் புகையில் இருக்கும் கந்தக டை ஆக்சைடு இவற்றில் பலவற்றுக்கு விஷம். எங்கள் கட்டடத்தில் பஸ் போகும் சாலைப் பக்கத்துத் தொட்டிகளில் பத்து வருஷமாக ஒரு பொட்டுக்கூட இல்லை. பின்பக்கக் கல்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டங்கள் இருக்கின்றன. என் பேத்தி ஆஸ்துமாவுக்கு மருந்து எடுப்பவள். அவளை எந்தப் பக்கம் விளையாட விடுவதென்று எனக்கு அந்தச் சுவர்தான் சொல்கிறது.

கல்பாசியும் ஒரு லைக்கன்தான். செட்டிநாட்டுச் சமையலில் நாம் போடுவதையே மகாராஷ்டிரத்தில் ‘தகட்ஃபூல்’, அதாவது கல்பூ என்று சொல்லிக் கோடா மசாலாவில் அரைக்கிறார்கள். பக்கத்து வீட்டு மராத்தி அம்மாளுக்கும் எனக்கும் சிநேகம் பிடித்ததே இதில்தான். இது பயிரிட்டு வருவதல்ல. உத்தராகண்ட் போன்ற மலைக்காடுகளில் சேகரிக்கப்பட்டு வருவது. எவ்வளவு மெதுவாக வளர்கிறது என்று தெரிந்த பிறகு குழம்புக்கு ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். மணம் குறையவில்லை.

போன மழைக்காலத்தில் சொசைட்டிக் கூட்டத்துக்கு மூன்றையும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். செயலாளர் ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்துப் பார்த்தார். படிக்கட்டும் நடைபாதையும் மாடியும் வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்ப்பது, பின்பக்கச் சுவரைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. மாமியாருக்காகப் படிக்கட்டில் இரண்டு பக்கமும் கைப்பிடி கேட்டேன், அதுவும் கிடைத்தது. ஆனால் தீபாவளிக்குள் அந்தச் சுவருக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் மறுபடி தட்டைத் தூக்க வேண்டியதுதான்.

கடைசியாக, மார்ச் பிறந்ததும் தொட்டிப் பாசி காய்ந்து பழுப்பாகிவிடும். செத்துவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் தெளித்துக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள், பச்சை திரும்பியிருக்கும். அதற்காகக் கோடை முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து எழுப்பிக்கொண்டே இருக்கவும் கூடாது. அடிக்கடி நனைந்து உடனே காய்ந்தால் இருக்கிற சக்தியையும் இழந்துவிடும். நிழலான மூலையில் வைத்து, வடாம் காயவைக்க இடம் வேண்டுமென்று யாரும் வெயிலுக்குத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொண்டால் ஜூன் வரை அதுபாட்டுக்குத் தூங்கும்.